ரான்பாக்ஸி சரிந்தபோது ஊழியர்கள் தலைமையைச் சந்தேகித்தது ஏன்?

"ரான்பாக்ஸி மாதிரி பெரிய மருந்து நிறுவனம் சரியும்போது, உள்ளே வேலை பார்த்தவர்களுக்கு முன்பே தெரியாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

சிலருக்காவது தெரியும். 2004-இல் தினேஷ் தாக்கூர் என்ற அதிகாரி, மேலதிகாரி ராஜிந்தர் குமார் சொன்னதன்பேரில், பல நாடுகளுக்கு அனுப்பிய மருந்துகளின் சோதனைத் தரவுகளைத் தோண்டிப் பார்த்தார். நிறைய இடங்களில் அவை இட்டுக்கட்டியவை. குமார் அதை இயக்குநர்கள் முன் வைத்தார். பலன் இல்லை. குமார் விலகினார், 2005-இல் தாக்கூரும் வெளியேறி, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்திடம் போனார்.

என்னைக் கேட்டால், நம்பிக்கை உடைவது இங்கேதான். சம்பளம் தாமதமானால்கூட ஊழியர்கள் கொஞ்சம் பொறுப்பார்கள். உண்மை சொன்னவர் நாற்காலி காலியானால், மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு வேறு வேலை தேடுவார்கள். (மருந்துத் துறையில் இது இன்னும் மோசம்; அந்த மாத்திரையை யாரோ விழுங்கப்போகிறார்கள்.)

அப்புறம் நடந்தது வேகமானது. 2008-இல் ஜப்பானின் டாய்ச்சி சாங்கியோ நிறுவனம் ரான்பாக்ஸியை வாங்கியது. அதே ஆண்டு பாவோண்டா சாகிப், தேவாஸ் ஆலைகளின் மருந்துகளுக்கு அமெரிக்கா தடை போட்டது. 2013-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 50 கோடி டாலர் கட்டினார்கள். 2015-இல் சன் பார்மாவோடு இணைந்து, ரான்பாக்ஸி தனி நிறுவனமாக இல்லாமல் போனது.