வங்கிக் கருமபீடத்தில் காசை எண்ணிப் பார்ப்பது காசாளரை அவமதிப்பதாகுமா?

தன் தாயார் ஓய்வூதியம் எடுக்கப் போகும்போது காசாளர் தரும் காசை எண்ணாமலே கைப்பைக்குள் வைத்துவிடுகிறார் என்றும், கேட்டால் "தெரிந்த பிள்ளைதானே, முன்னால் நின்று எண்ணினால் என்ன நினைக்கும்" என்கிறார் என்றும், இதில் யார் பக்கம் சரி என்றும் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். கருமபீடத்தை விட்டு ஓர் அடி விலகுவதற்கு முன்னரே, காசாளரின் கண்முன்னால், ஒவ்வொரு முறையும் எண்ணத்தான் வேண்டும் என்பது என் பதில். அதில் அவமதிப்பு எதுவும் இல்லை.

நான் யாழ்ப்பாண நகரில் ஒரு மொத்த வியாபார நிலையத்தின் காசுப் பொறுப்பில் இருக்கிறேன். ஆஸ்பத்திரி வீதியிலும் ஸ்ரான்லி வீதியிலும் உள்ள வங்கிகளுக்குக் காசு கட்டவும் எடுக்கவும் அடிக்கடி போய்வருகிறேன். எண்ணிப் பார்க்கும் வாடிக்கையாளரைக் கண்டு முகம் சுளிக்கும் காசாளரை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். பெரும்பாலானவர்கள் அதை விரும்புகிறார்கள். ஏன் என்பது காசு கைமாறும் முறையைப் பார்த்தால் விளங்கும்.

வங்கியில் நடக்கும் மற்றக் கொடுக்கல் வாங்கல்கள் எல்லாவற்றுக்கும் எழுத்தில் ஒரு தடயம் இருக்கிறது. காசோலைக்கு இலக்கம் உண்டு. ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குப் போன பணத்தை எப்போது தேடினாலும் கண்டுபிடிக்கலாம். தாள் காசுக்கு அப்படி எதுவும் கிடையாது. நீங்கள் மீளப்பெறல் படிவத்தில் ஒப்பமிட்டுக் கொடுத்துவிட்டால் 85,000 ரூபா உங்களுக்குத் தரப்பட்டது என்பதற்கு அந்த ஒப்பமே சான்றாகிவிடும். கைக்கு வந்தது 80,000 தான் என்பதற்கு உங்களிடம் சான்று எதுவும் இராது. ஒவ்வொரு தாளிலும் தொடர் இலக்கம் இருந்தாலும், எந்தத் தாள் யாரிடம் போனது என்று கருமபீடத்தில் யாரும் குறித்துவைப்பதில்லை. ஆகவே காசாளரின் கையிலிருந்து உங்கள் கைக்கு வந்து, இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும் அந்தச் சில நிமிடங்களில் மட்டும்தான் கணக்கை இருவருக்கும் பொதுவாக நிறுவ முடியும்.

மாலையில் வங்கி மூடிய பிறகு காசாளர் தன் லாச்சியில் உள்ள காசை எண்ணுவார். காலையில் பொறுப்பேற்ற தொகையுடன் அன்று வாங்கியதைக் கூட்டி, கொடுத்ததைக் கழித்து, கையிருப்புடன் ஒப்பிடுவார். உங்களுக்கு 5,000 ரூபா குறைத்துக் கொடுக்கப்பட்டிருந்தால் அவரிடம் 5,000 ரூபா மிஞ்சும். அப்படி மிஞ்சினால் உங்கள் முறைப்பாட்டுக்கு வலு உண்டு. ஆனால் அதே நாளில் வேறொருவருக்கு 5,000 ரூபா கூடுதலாகப் போயிருந்தால் இரண்டு பிழைகளும் ஒன்றையொன்று மறைத்துவிடும். கணக்கு ஒரு சதமும் பிசகாமல் சரியாக இருக்கும். உங்கள் பணம் மட்டும் இராது. மறுபக்கமாக, காசு குறைந்தால் அதைக் காசாளரே தன் சம்பளத்திலிருந்து நிரப்ப வேண்டிய நிலை பொதுவாக உள்ளது. முன்னால் நின்று எண்ணுபவர் கூடுதலாக வந்த தாளையும் அங்கேயே கண்டு திருப்பிக் கொடுப்பார் என்பதால்தான் அனுபவமுள்ள காசாளர்கள் "எண்ணிப் பாருங்கோ" என்று தாங்களே சொல்கிறார்கள்.

என் பெரியம்மாவுக்கு நேர்ந்ததை இங்கே சொல்ல வேண்டும். ஓய்வூதிய நாளில் தன் ஓய்வூதியத்தையும் கனடாவிலிருந்து மகன் அனுப்பிய பணத்தையும் ஒன்றாக எடுத்துக்கொண்டு, எண்ணாமலே சுன்னாகம் சந்தைக்குப் போய், மீனும் மரக்கறியும் வாங்கி வீட்டுக்கு வந்து, இரவில்தான் எண்ணியிருக்கிறார். வாங்கிய சாமான்களின் செலவைச் சேர்த்துப் பார்த்தும் ஒரு 5,000 ரூபாத் தாள் குறைந்தது. அடுத்த நாள் போய்க் கேட்டபோது கிளை முகாமையாளர் மரியாதையாகவே பேசினார். கணக்குச் சரியாக இருந்தது. கண்காணிப்புக் கமெராவில் காசு கொடுப்பது தெரிந்தது; எத்தனை தாள் என்பது தெரியவில்லை. காசு வங்கியில் குறைந்ததா, சந்தையில் விழுந்ததா என்பது இன்றுவரை தெரியாது. பெரியம்மாவின் மனதைக் கூடுதலாக வருத்தியது காசு போனதல்ல. அந்தக் காசாளர் அவர் படிப்பித்த ஒரு பிள்ளையின் மகன். அந்தப் பையனைச் சந்தேகிக்கவும் முடியாமல் சந்தேகிக்காமல் இருக்கவும் முடியாமல், அதன்பிறகு அவர் அந்தக் கிளைக்கே போவதை விட்டுவிட்டார். எந்த உறவு கெட்டுவிடும் என்று பயந்து காசை எண்ணாமல் விட்டாரோ, எண்ணாததால் அந்த உறவே கெட்டது.

எங்கள் ஊரில் இந்தக் கூச்சம் கூடுதலாக இருப்பதற்குக் காரணம் உண்டு. கருமபீடத்தின் அந்தப் பக்கம் இருப்பவர் பக்கத்து வீட்டுப் பிள்ளையாகவோ, கோயில் திருவிழாவில் காணும் முகமாகவோ இருப்பார். பின்னால் வரிசையில் நிற்பவர்களும் தெரிந்தவர்களே. அவர்கள் பொறுமை இழப்பார்கள் என்ற அவசரமும் சேர்ந்துகொள்ளும். இதற்கு ஒரு வசனம் போதும்: "தம்பி, குறை நினையாதேங்கோ, ஒருக்கா எண்ணிப் போட்டு எடுக்கிறன்." இப்படிச் சொன்னவரிடம் கோபித்த காசாளரை நான் பார்த்ததில்லை. கருமபீடத்தில் ஒரு பக்கமாக ஒதுங்கி, காசாளரின் பார்வைக்குள் நின்றபடி எண்ணினால் வரிசையும் நகரும்.

பிழைகள் பெரும்பாலும் கள்ளத்தனத்தால் வருவதில்லை. தாள்களின் தன்மையாலும் எண்ணும் முறையாலுமே வருகின்றன. விளிம்பைப் பிடித்துப் பெருவிரலால் விரித்து எண்ணும்போது, நடுவில் மடிந்து கிடக்கும் ஒரு தாள் இரண்டு விளிம்புகளைக் காட்டும். வாய் இருபது என்று சொல்லும், கையில் பத்தொன்பதுதான் இருக்கும். புதுத் தாள்களில் இதற்கு எதிர்மாறாக நடக்கும்: ஒன்றோடொன்று ஒட்டி, இரண்டு ஒன்றாக எண்ணப்படும். இயந்திரம் எண்ணிவிட்டது, இனி நாம் எண்ணத் தேவையில்லை என்று பலர் நினைக்கிறார்கள். சாதாரணமான எண்ணும் இயந்திரம் தாள்களின் தொகையை மட்டுமே சொல்லும். 5,000 ரூபாத் தாள்களுக்கு நடுவே ஒரு 500 ரூபாத் தாள் இருந்தாலும் அதையும் ஒன்று என்றே எண்ணிவிடும். பெறுமதியைப் பிரித்தறியும் இயந்திரங்களும் இருக்கின்றன, ஆனால் கண்ணாடிக்கு அப்பால் இருப்பது எந்த வகை என்று வாடிக்கையாளருக்குத் தெரிய வழியில்லை.

இப்படி நடுவே கலந்துவிட்ட தாளைக் கண்டுபிடிக்க ஓர் எளிய வழி இருக்கிறது. 2011 ஆம் ஆண்டில் வெளிவந்த தாள் வரிசையில் எல்லாத் தாள்களுக்கும் அகலம் 67 மில்லிமீற்றர்தான். நீளம் மட்டும் பெறுமதிக்கேற்ப 5 மில்லிமீற்றர் படியாகக் கூடிச் செல்கிறது. 100 ரூபாத் தாள் 138 மில்லிமீற்றர், 500 ரூபாத் தாள் 143, 1,000 ரூபாத் தாள் 148, 5,000 ரூபாத் தாள் 153. தாள்களை நிமிர்த்திப் பிடித்து, குறுகிய பக்கம் கீழே இருக்கும்படி மேசையில் இரண்டு தட்டுத் தட்டினால், 5,000 ரூபாத் தாள்களுக்கு நடுவே நிற்கும் 500 ரூபாத் தாள் மேல் விளிம்பில் ஒரு சென்ரிமீற்றர் பள்ளமாகத் தெரியும். கண்ணில் வெள்ளை படர்ந்த முதியவர்களுக்கு 100 ரூபாவின் செம்மஞ்சளும் 5,000 ரூபாவின் பொன்னிறமும் மங்கிய வெளிச்சத்தில் ஒன்றுபோலத் தோன்றலாம். அவர்களுக்கு நிறத்தைவிட நீளமே நம்பிக்கையான அடையாளம், அதை விரலாலேயே அறியலாம். மத்திய வங்கியின் 75 ஆவது ஆண்டு நிறைவையொட்டி 2025 இல் வெளிவந்த 2,000 ரூபாத் தாளும் இப்போது புழக்கத்தில் இருக்கிறது. அதைப் பழகாத வயதானவர்களுக்கு ஒருமுறை வீட்டிலேயே காட்டிப் பழக்கிவிடுவது நல்லது.

பெரிய தொகை எடுப்பவர்களுக்குக் கட்டுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு கட்டில் 100 தாள்கள். ஆகவே 1,000 ரூபாத் தாள் கட்டு ஓர் இலட்சம், 5,000 ரூபாத் தாள் கட்டு ஐந்து இலட்சம். கட்டைச் சுற்றியிருக்கும் கடதாசிப் பட்டியில் முத்திரையும் திகதியும் எண்ணியவரின் சுருக்கொப்பமும் இருக்கும். அந்தப் பட்டியைக் கிழிக்காமல் எண்ண வேண்டும் என்பதில் நான் மிகக் கண்டிப்பாக இருக்கிறேன், ஏனென்றால் பட்டி கிழிந்த கட்டில் ஒரு தாள் குறைகிறது என்று சொல்பவரை வங்கி நம்புவதற்குக் காரணம் எதுவும் இல்லை. ஒருமுறை கடைக்காக எடுத்த 1,000 ரூபாக் கட்டு ஒன்றில் 99 தாள்கள்தான் இருந்தன. பட்டியோடு அப்படியே திருப்பிக் கொடுத்தேன். காசாளர் கையால் எண்ணி, பிறகு இயந்திரத்தில் போட்டுப் பார்த்து, குறைந்த தாளைத் தந்து, பட்டியைத் தன்னிடம் எடுத்து வைத்துக்கொண்டார். அந்தக் கட்டை எண்ணியவரிடம் கேட்பதற்கு அது அவருக்குத் தேவைப்பட்டது. இதே கட்டு காணி எழுதும் நாளில் நொத்தாரிசின் அலுவலகத்தில், காணி விற்பவரின் முன்னால் அவிழ்க்கப்பட்டிருந்தால் எவ்வளவு சங்கடமாகியிருக்கும் என்பதைக் காணி வாங்கியவர்கள் அறிவார்கள்.

எண்ணும்போதே கிழிந்த தாள்களையும் கிறுக்கி எழுதப்பட்ட தாள்களையும் பிரித்தெடுத்து அங்கேயே மாற்றித் தரும்படி கேளுங்கள். வேண்டுமென்றே சிதைக்கப்பட்ட, எழுதப்பட்ட தாள்களை மாற்றிக்கொள்ள மத்திய வங்கி கொடுத்த அவகாசம் 2017 டிசம்பர் 31 உடன் முடிந்துவிட்டது. அப்படிப்பட்ட தாளை வீட்டுக்குக் கொண்டுவந்தால் அதன் பெறுமதி உங்கள் தலையில் விழலாம்.

காசு கட்டும்போதும் இதே கவனம் வேண்டும். வைப்புப் படிவத்தில் எந்தத் தாள் எத்தனை என்று எழுதும் கட்டங்கள் பெயருக்காக வைக்கப்பட்டவை அல்ல. அவற்றை நிரப்பிக் கொடுத்தால் குறையோ கூடுதலோ எந்தப் பெறுமதித் தாளில் நேர்ந்தது என்று உடனே தெரிந்துவிடும். காசாளர் எண்ணி முடிக்கும்வரை கைத்தொலைபேசியைப் பார்க்காமல் அவர் கையைப் பாருங்கள். முத்திரையும் ஒப்பமும் உள்ள பிரதியை வாங்கி, அதிலுள்ள தொகையை வாசித்த பிறகே நகருங்கள். காசு கட்டியதற்கு வரும் குறுஞ்செய்தியையும் ஒப்பிடுங்கள். உங்கள் காசில் கள்ளத்தாள் ஒன்று இருப்பதாகக் காசாளர் கண்டால் அதை உங்களிடம் திருப்பித் தரமாட்டார். ஆகவே கடைக்காரர்கள் 5,000 ரூபாத் தாளை வாங்கும்போதே வெளிச்சத்தில் பிடித்து, உள்ளே தெரியும் பறவையின் நீர்வரி உருவத்தையும், சரித்தால் நிறம் மாறும் இழையையும் பார்த்துக்கொள்வது நல்லது.

கூடுதலாக வந்த காசைத் திருப்பிக் கொடுப்பது நேர்மை மட்டுமல்ல, சட்டமும் அதையே சொல்கிறது. தவறுதலாகக் கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்கும் உரிமை எங்கள் நாட்டில் நிலவும் உரோம டச்சுச் சட்டத்தில் தெளிவாக உண்டு.

எண்ணுவது வங்கிக்குள்ளேயே முடிய வேண்டும். வாசற்படியிலோ, பேருந்து நிலையத்திலோ, முச்சக்கரவண்டிக்குள் இருந்தோ எண்ணுவது பிழையைத் திருத்தவும் உதவாது, பாதுகாப்பும் அல்ல. படிவம் நிரப்பவோ எண்ணித் தரவோ முன்வரும் அறிமுகமில்லாதவர்களிடம் காசைக் கொடுக்க வேண்டாம்; உதவி வேண்டுமென்றால் வங்கி ஊழியரிடமே கேட்கலாம். தன்னியக்கப் பண இயந்திரத்தில் (ATM) காசு எடுக்கும்போது கமெராவின் முன் நின்றே எண்ணி, பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் குறைவு தெரிகிறது என்றால் அடுத்த நாள்வரை காத்திருக்க வேண்டாம். உடனே கிளைக்குத் தொலைபேசி எடுத்து, போன நேரம், கருமபீட இலக்கம், எடுத்த தொகை, எந்தத் தாள் குறைகிறது என்பவற்றைச் சொல்லுங்கள். காசாளர் மாலைக் கணக்கை முடிப்பதற்கு முன் அந்தச் செய்தி போய்ச் சேர்ந்தால், லாச்சியில் மிஞ்சும் காசு யாருடையது என்ற கேள்விக்கு உங்கள் பெயர் முதலில் வரும். பிறகு அதையே எழுத்தில் முகாமையாளரிடம் கொடுத்து, கிடைத்ததற்கு ஒப்பம் வாங்குங்கள். கமெராப் பதிவு அழிவதற்கு முன் பார்க்கும்படி அதே கடிதத்தில் கேளுங்கள். வங்கியின் பதில் திருப்தியாக இல்லாவிட்டால் வாடிக்கையாளர் முறைப்பாடுகளைக் கவனிக்கும் மத்திய வங்கியின் திணைக்களத்தை 1935 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். வங்கிக்கும் வாடிக்கையாளருக்கும் இடையிலான பிணக்குகளை விசாரிக்கும் நிதி ஒம்புட்ஸ்மனிடமும் போகலாம். இரண்டு இடத்திலும் முதலில் கேட்பது வங்கிக்கு எழுதிய கடிதத்தின் பிரதியையும் வங்கி தந்த பதிலையும்தான்.