முதல் தேன்பெட்டி: புதிதாகத் தொடங்குகிறவர்களின் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே 22 வருடமாக இந்தியத் தேனீ வளர்க்கிறேன். எனக்கு முன்னால் அப்பா வளர்த்தார். புதிதாகத் தொடங்குகிறவர்கள் கேட்டவற்றுக்கு, கையால் செய்து பார்த்ததை வைத்துப் பதில் சொல்கிறேன்.

அக்கா, ஆன்லைனில் பெட்டி வாங்கித் தோட்டத்தில் வைத்து இரண்டு மாதம் ஆகிறது. ஒரு தேனீகூட வரவில்லை. உள்ளே தேன் தடவி வைக்கலாமா? (திண்டுக்கல்)

தேன் தடவாதீர்கள் தம்பி, எறும்புதான் வரும். காலிப் பெட்டிக்குத் தேனீ தானாக வந்து குடியேறுவது எப்போதாவது நடக்கும். அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். நீங்கள் வாங்க வேண்டியது கூட்டம். ராணி, வேலைக்காரத் தேனீக்கள், முட்டையும் புழுவும் உள்ள அடைகள் எல்லாம் சேர்ந்ததுதான் கூட்டம்.

வாங்கும்போது பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். நாலைந்து அடைகளில் தேனீ அடர்த்தியாக மூடி இருக்க வேண்டும். அடையை வெயிலுக்கு எதிராகச் சாய்த்தால் அறைக்கு ஒன்றாக, அரிசிக் குருணை போல வெள்ளையாக முட்டை தெரியும். அது தெரிந்தால் ராணி இருக்கிறது, முட்டையிடுகிறது என்று அர்த்தம். ராணியைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும் என்றில்லை. ஒரே அறையில் இரண்டு மூன்று முட்டை தாறுமாறாகக் கிடந்தால் வாங்காதீர்கள். ராணி இல்லாமல் வேலைக்காரத் தேனீயே முட்டையிடும் கூட்டமாக இருக்கலாம், அதிலிருந்து ஆண் தேனீ மட்டும்தான் வரும்.

இருட்டிய பிறகு வாசலைக் கம்பி வலையால் அடைத்து எடுத்து வாருங்கள். முதல் வருடம் இரண்டு பெட்டி வையுங்கள். ஒன்று மட்டும் இருந்தால் அது நன்றாக இருக்கிறதா, நலிந்திருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க முடியாது.

இத்தாலியத் தேனீ அதிகத் தேன் தருமாமே? (ஈரோடு)

தரும். ஆனால் அதற்குத் தீனி நிறைய வேண்டும். சூரியகாந்தி, எள், கொத்தமல்லி என்று பூ இருக்கும் இடத்துக்கு லாரியில் ஏற்றிக் கொண்டுபோகிறவர்களுக்கு அது சரி. உண்ணித் தொல்லையும் உண்டு. ஒரே இடத்தில் வைத்துக் கற்றுக்கொள்ள இந்தியத் தேனீ போதும். மலைத்தேனீயும் கொம்புத்தேனீயும் திறந்த வெளியில் ஒற்றை அடை கட்டுகிறவை, பெட்டிக்குள் வாழாது.

சென்னையில் மொட்டை மாடியில் வைக்கலாமா?

சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் வேம்பு, புங்கை, முருங்கை, தென்னை இருக்கிறதா என்று முதலில் நடந்து பாருங்கள். மாடியில் நிழல் கட்டாயம். சித்திரை வெயிலில் அடை உருகிச் சரிந்துவிடும். பக்கத்து வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஆடி மாத மழையில் எல்லாத் தேனீயும் பறந்து போய்விட்டது. எங்கள் வீட்டுக்குத் தேனீ ராசியில்லை என்கிறார் மாமியார். (நாகர்கோவில்)

ராசியெல்லாம் இல்லை அம்மா. அது பசி. புதிதாகத் தொடங்குகிறவர்கள் கூட்டத்தை இழப்பது பெரும்பாலும் இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நம் மாவட்டத்தில் தை, மாசியில் ரப்பர் தளிர் விடும்போது தேன் வரத்து தொடங்கும். சித்திரையோடு அது அடங்கிவிடும். பிறகு மழை. பூ குறைவு, வெளியே பறக்கவும் முடியாது. நாம் தேனை எடுத்துவிட்டோம், அதற்கு என்ன மிச்சம்? இந்தியத் தேனீ பசி பொறுக்காது, கூட்டத்தோடு கிளம்பிவிடும்.

அதனால் மழைக்காலத்தில் நாம்தான் சர்க்கரைப் பாகு கொடுக்க வேண்டும். ஒரு பங்கு சர்க்கரைக்கு ஒரு பங்கு தண்ணீர். கொதிக்க வைத்த தண்ணீரில் கரைத்து, ஆறிய பிறகு ஒரு கிண்ணத்தில் ஊற்றி, தேனீ மூழ்காமல் இருக்க நாலு குச்சி போட்டு, பெட்டிக்குள்ளே வையுங்கள். மாலையில் வையுங்கள், எல்லாப் பெட்டிக்கும் ஒரே நாளில் வையுங்கள். பகலில் வைத்தால் மற்றக் கூட்டம் திருட வந்து சண்டையாகிவிடும். வாரம் ஒருமுறை போதும். தேனீ மூடாத வெற்று அடைகளை எடுத்துவிடுங்கள். அங்கேதான் மெழுகு அந்துப்பூச்சி முட்டையிட்டு வலை பின்னும். அந்தப் புழு பெருகினாலும் கூட்டம் ஓடிவிடும். பெட்டி வைத்திருக்கும் தாங்கியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்தால் எறும்பு ஏறாது.

எனக்கும் இரண்டாம் வருடம் ஒன்பது பெட்டியில் ஆறு போயிற்று. மழை விடட்டும் என்று பாகு வைப்பதைத் தள்ளிப்போட்டேன், அவ்வளவுதான். ஐப்பசி, கார்த்திகையில் மறுபடி ஒரு கூட்டம் வாங்குங்கள். கூட்டம் வளரும் காலம் அது.

கொட்டினால் என்ன செய்வது?

கொடுக்கு தோலிலேயே தங்கி விஷத்தை இறக்கிக்கொண்டே இருக்கும். நகத்தால் உடனே சுரண்டி எடுங்கள். வீக்கமும் அரிப்பும் இரண்டு நாளில் போகும். மூச்சு முட்டினாலோ, முகமும் உதடும் வீங்கினாலோ, உடம்பெல்லாம் தடித்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். அப்படிப்பட்ட ஒவ்வாமை உள்ளவர்கள் இந்த வேலைக்கு வர வேண்டாம். முகவலை போடாமல் வீரம் காட்டவும் வேண்டாம்.

புழுக்கள் அறைக்குள்ளேயே தலை தூக்கியபடி செத்துக் கிடக்கின்றன. எடுத்தால் தண்ணீர்ப் பை போல வருகிறது. என்ன மருந்து? (தக்கலை)

நீங்கள் சொல்வது புழுக்களைத் தாக்கும் தாய்லாந்து சாக்புரூட் (Thai sacbrood) வைரஸ் நோய் போலத் தெரிகிறது. மருந்து இல்லை. 1991, 92இல் கேரளத்திலும் நம் மாவட்டத்திலும் இந்தியத் தேனீக் கூட்டங்களில் பெரும்பகுதியை அழித்தது இதுதான். அப்பா காலிப் பெட்டிகளைத் திண்ணையில் அடுக்கி வைத்துவிட்டுப் பல வருடம் அவற்றைத் தொடவே இல்லை.

அந்தப் பெட்டியின் அடையை வேறு பெட்டிக்கு மாற்றாதீர்கள். அதைத் தொட்ட கையையும் கத்தியையும் கழுவாமல் அடுத்த பெட்டியைத் திறக்காதீர்கள். நோய் கண்ட அடைகளை எரித்துவிடுங்கள். பாகு கொடுத்துக் கூட்டத்தைத் தெம்பாக வையுங்கள். நோயைத் தாங்கிப் பிழைத்த கூட்டத்திலிருந்து மட்டும் பிரித்துப் பெருக்குங்கள்.

அடையின் அடி ஓரத்தில் நிலக்கடலை மாதிரி ஒன்று தொங்குகிறது. (பேச்சிப்பாறை)

அது புது ராணி வளரும் ராணி அறை. கூட்டம் பிரியத் தயாராகிறது. பெட்டி நிறைந்திருந்தால் நீங்களே இரண்டாகப் பிரித்துவிடலாம். வேண்டாம் என்றால் அந்த அறைகளைக் கிள்ளிவிட்டு இடம் கொடுங்கள். ஆனால் பழைய ராணி இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு கிள்ளுங்கள். கூட்டம் பிரியும் காலத்தில் வாரம் ஒருமுறை திறந்து பார்ப்பது அவசியம்.

ரப்பர்த் தேன் இரண்டு மாதத்தில் சர்க்கரையாக உறைந்துவிட்டது. கலப்படம் என்று வாடிக்கையாளர் திருப்பித் தந்துவிட்டார். (அருமனை)

ரப்பர்த் தேன் சீக்கிரம் உறையும், அதில் குளுக்கோஸ் கூடுதல். பாட்டிலை இளஞ்சூடான தண்ணீரில் வைத்தால் இளகிவிடும். இந்தத் தேன் பூவிலிருந்து வருவதுகூட இல்லை. தளிர் இலைக் காம்பில் உள்ள சுரப்பியில் ஊறுவதைத்தான் தேனீ எடுக்கிறது. அதையும் வாடிக்கையாளருக்குச் சொல்லுங்கள். தண்ணீரில் விடுவது, தீக்குச்சி கொளுத்துவது, எறும்பு வருகிறதா என்று பார்ப்பது எதுவும் சுத்தத் தேனைக் காட்டாது. ஆய்வகம்தான் காட்டும்.

நீங்கள் கவனிக்க வேண்டியது ஈரப்பதம். அடையில் முக்கால் பங்கு மெழுகால் மூடிய பிறகு எடுங்கள். 20 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் புளித்துவிடும். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கொடுக்க வேண்டாம் என்று ஒட்டுச்சீட்டில் எழுதுங்கள்.

இதை நம்பி வேலையை விடலாமா? (மதுரை)

விடாதீர்கள். இந்தியத் தேனீயில் ஒரு பெட்டிக்கு வருடம் 5 முதல் 10 கிலோ என்று கணக்கு வையுங்கள், முதல் வருடம் அதுவும் நிச்சயமில்லை. பத்துப் பெட்டியை ஒரு மழைக்காலம் காப்பாற்றிக் காட்டிய பிறகு யோசியுங்கள். அதற்கு முன் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலோ உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் மையத்திலோ பயிற்சி பற்றி விசாரியுங்கள்.

பெட்டியை வாசலிலிருந்து கொல்லைப்பக்கம் மாற்றினேன். தேனீயெல்லாம் பழைய இடத்திலேயே சுற்றுகிறது! (கருங்கல்)

இன்றைக்கே பழைய இடத்தில் திரும்ப வைத்துவிடுங்கள். அதற்கு வீடு என்றால் அந்த இடம்தான். அப்புறம் தினமும் ஓரிரு அடியாக நகர்த்திக்கொண்டே போங்கள். பத்துப் பதினைந்து நாளில் கொல்லைக்கு வந்து சேரும்.