சூப்பர் காரில் இன்ஜின் ஏன் சீட்டுக்குப் பின்னால் இருக்கிறது?

கோலாலம்பூர் புக்கிட் பிந்தாங்கில் பார்த்த லம்போர்கினியில் பின் கண்ணாடிக்குக் கீழே இன்ஜின் தெரிந்ததே, அதனால் என்ன லாபம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

தைப்பூசத்தன்று பத்துமலையில் கவனித்திருப்பீர்கள். பால்குடம் எடுத்தவர் சட்டென்று திரும்பிவிடுவார். அகலமான காவடி எடுத்தவருக்குத் திரும்பவும் நேரம் பிடிக்கும், திரும்பிய வேகத்தில் நிற்கவும் நேரம் பிடிக்கும், ஏனென்றால் பாரம் உடம்பை விட்டுத் தள்ளி நிற்கிறது. காரும் அப்படித்தான். கனமான இன்ஜினை முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் நடுவில் கொண்டுவந்துவிட்டால் ஸ்டியரிங்கைத் திருப்பியதும் மூக்கு உடனே வளைவுக்குள் போகும். எடை பின் சக்கரத்தின் மேல் அழுந்துவதால், எண்ணெய்ப் பெடலை மிதிக்கும்போது டயர் சும்மா சுற்றாமல் ரோட்டைப் பிடிக்கும். பந்தயக் கார்களில் இது முன்பே வந்துவிட்டது. ரோட்டுக் காரில் இந்த மோகத்தைக் கிளப்பியது 1966-ல் வந்த லம்போர்கினி மியூரா, அதில் வி12 (பன்னிரண்டு சிலிண்டர்) இன்ஜின் குறுக்குவாட்டில் இருக்கும். போர்ஷே 911 வேறு கதை, அதன் இன்ஜின் பின் சக்கரத்துக்கும் பின்னால்.

சரி, கஷ்டம் இல்லையா? இருக்கிறது. வளைவின் நடுவில் பயந்து திடீரென்று பெடலிலிருந்து காலை எடுத்தால் வால் சுழன்றுவிடும். அப்புறம் சூடு. மெக்லாரன் எஃப்1 என்ற ரோட்டுக் காரில் வெப்பத்தைத் திருப்பி அடிக்க இன்ஜின் அறைக்கு நிஜத் தங்கத் தாளையே ஒட்டினார்கள். ஓடும்போது பக்கவாட்டு ஓட்டைகள் வழியாகக் காற்று போகும். சாயங்காலம் ஆறு மணிக்கு ஜாலான் சுல்தான் இஸ்மாயில் ஜாமில் காற்று ஏது? விசிறிதான் கதறும். பக்கத்து லேனில் மோட்டாரில் நிற்பவருக்குக் காலெல்லாம் அனல்.