நெறியாளரின் கட்டுரை மதிப்பாய்வுக்கு வந்தால்

அன்புள்ள ஐயா,

நான் ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியையாக இருக்கிறேன். ஓர் ஆய்விதழிலிருந்து மதிப்பாய்வுக்காக, அதாவது வெளியிடத் தகுந்ததா என்று பார்த்துச் சொல்ல, எனக்கு ஒரு கட்டுரை வந்திருக்கிறது. எழுதியவர்களில் ஒருவர் என் முனைவர் பட்ட நெறியாளர். துறைத்தலைவரிடம் கேட்டேன். “நம் துறையே சிறியது, எல்லோரும் தெரிந்தவர்கள்தான். உறவை இதழின் படிவத்தில் குறிப்பிட்டுவிட்டு எழுதிக்கொடு” என்கிறார். வெளிப்படையாகச் சொன்ன பிறகும் அதில் தவறு உண்டா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

எழுதாதீர்கள். காரணத்தை இரண்டு வரியில் இதழாசிரியருக்குத் தெரிவித்து, இன்றே விலகிக்கொள்ளுங்கள்.

உறவைச் சொல்லிவிட்டால் கடமை முடிந்தது என்ற எண்ணம் பெரிய இதழ்களிலும் இருக்கிறது. 2020 மார்ச்சில் பிரான்சின் மார்சேய் நகரில் நுண்ணுயிரியலாளர் திதியே ரவூலின் குழு, கொரோனாவுக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் என்ற மலேரியா மருந்து பயன் தருகிறது என்று ஒரு கட்டுரை எழுதியது. ‘இன்டர்நேஷனல் ஜர்னல் ஆஃப் ஆன்டிமைக்ரோபியல் ஏஜென்ட்ஸ்’ இதழுக்கு அது மார்ச் 16இல் போய்ச் சேர்ந்தது, 17இல் ஏற்கப்பட்டது. கட்டுரையாளர்களில் ஒருவரான ஜான்-மார்க் ரொலேன்தான் அப்போது அந்த இதழின் தலைமை ஆசிரியர். எதுவும் ஒளிக்கப்படவில்லை, அவர் பெயர் கட்டுரையிலேயே இருந்தது. மதிப்பாய்வில் அவருக்குப் பங்கில்லை, வேறோர் ஆசிரியரே கவனித்தார் என்று இதழை நடத்தும் சங்கம் விளக்கம் கொடுத்தது. அதை நான் நம்பத் தயார். ஆனால் அந்த வேறோர் ஆசிரியர் தன் தலைவரின் கட்டுரைக்குத் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. அவருக்கு இருந்த சங்கடத்தை எந்தப் படிவத்தில் நிரப்புவது?

அந்தக் கட்டுரையைப் படித்தபோது எனக்குக் கோபமே வந்தது. மருந்து கொடுக்கப்பட்டவர்கள் 26 பேர். அவர்களில் ஆறு பேர் கணக்கில் இல்லை. மூவர் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போனார்கள், ஒருவர் இறந்தார், ஒருவர் மருத்துவமனையை விட்டுச் சென்றார், ஒருவர் குமட்டலால் மருந்தை நிறுத்தினார். எஞ்சிய 20 பேரை வைத்துத்தான் பலன் கணக்கிடப்பட்டது. இவ்வளவும் கட்டுரையிலேயே எழுதப்பட்டிருக்கிறது. எந்த நன்றிக்கடனும் இல்லாத ஒரு மதிப்பாய்வாளர் முதலில் நிறுத்திக் கேட்க வேண்டிய இடம் அது. சில நாட்களில் அமெரிக்க அதிபர் டிரம்ப் அந்த மருந்தைப் புகழ்ந்து பதிவிட்டார். ஆய்வின் அறநெறி ஒப்புதல் பற்றியும் முறைமை பற்றியும் எழுந்த ஐயங்களால் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது 2024 டிசம்பரில்தான்.

படிவங்கள் தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் முடிச்சுப்போட்ட ஆண்ட்ரூ வேக்ஃபீல்டின் கட்டுரை 1998இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்தபோது, தடுப்பூசி நிறுவனங்கள்மீது வழக்குத் தொடுக்க முனைந்த வழக்கறிஞர் வழியாக அவருக்குப் பணம் வந்தது வாசகர்களுக்குத் தெரியாது. 2004இல் ஒரு பத்திரிகையாளர்தான் அதை வெளிக்கொண்டுவந்தார். அத்தகைய பணத்தொடர்புகளைப் படிவம் ஓரளவு பிடிக்கும். உங்களுக்கும் நெறியாளருக்கும் இடையே பணம் எதுவும் இல்லை. நன்றி இருக்கிறது. நாளை அவரிடம் பரிந்துரைக் கடிதம் கேட்க வேண்டியிருக்கலாம். நீங்கள் நேர்மையானவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. கடுமையாக எழுதினால் நன்றி மறந்தவர் ஆகிவிடுவோமோ என்றும், பாராட்டி எழுதினால் சலுகை காட்டிவிட்டோமோ என்றும் ஒவ்வொரு வரியிலும் தயங்குவீர்கள். அந்தத் தயக்கத்தோடு எழுதப்படும் மதிப்பாய்வு கட்டுரைக்கும் நியாயம் செய்யாது.

துறை சிறியது என்பது உண்மையான சிக்கல்தான். அதைத் தீர்க்க வேண்டியவர் இதழாசிரியர். அவர் வெளிநாட்டில் தேடலாம், பக்கத்துத் துறையில் ஒருவரைக் கேட்கலாம், புள்ளிவிவரங்களை மட்டும் ஒரு புள்ளியியலாளரிடம் கொடுக்கலாம். யாருமே கிடைக்காமல், எல்லாம் தெரிந்தும் அவர் உங்களையே கேட்டால், இன்னொரு மதிப்பாய்வும் வேண்டும் என்று நிபந்தனை வையுங்கள்.

இன்னொன்று. மதிப்பாய்வுக்கு வந்த கட்டுரை ரகசியமானது. துறைத்தலைவரிடம் கட்டுரையின் தலைப்பையோ எழுதியவரின் பெயரையோ சொல்லியிருந்தால், அதையும் இதழாசிரியருக்கு எழுதும் கடிதத்தில் குறிப்பிடுங்கள். கட்டுரை உங்களிடம் வந்தது நெறியாளருக்கு உங்கள் வாயிலாகத் தெரிய வேண்டாம்.