கேட்டில் நின்ற நேரத்தையும் எழுதச் சொல்லுங்கள்

லாரி ஆபீஸ் பதில்கள்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் அப்பா தொடங்கிய, லாரிகளுக்கு லோடு பிடித்துக் கொடுக்கும் புக்கிங் ஆபீஸில் 29 வருஷம் உட்கார்ந்திருந்தவள் நான். இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஏ.ஐ. பற்றியவை. லாரிக்குள், குடோனுக்குள், ஆர்டர் போடும் கம்ப்யூட்டருக்குள் எல்லாம் அது வந்துவிட்டது. ஐந்து கேள்விகளை எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

*

கேள்வி: என் வீட்டுக்காரர் நாற்பது வண்டி உள்ள கம்பெனியில் டிரைவர். இரண்டு மாசம் முன்னால் கேபினில் முகத்துக்கு நேராக ஒரு கேமரா மாட்டிவிட்டார்கள். கண் சொருகினால் கத்துகிறதாம், கொட்டாவி விட்டால் ஆபீஸுக்குத் தகவல் போகிறதாம். இரண்டு தடவை தினப்படியில் பணம் பிடித்துவிட்டார்கள். ஏ.ஐ. சொல்லிவிட்டது என்றால் பேச்சே இல்லையா?
— வாசகி, சங்ககிரி

பதில்: கேமராவைக் கழற்றச் சொல்லுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன் தங்கச்சி. ராத்திரி இரண்டு மணிக்கு மேல் ஆபீஸ் போன் அடித்தால் எனக்கு வயிறு கலங்கும். தொப்பூர் கணவாய் இறக்கத்தில் விடியற்காலை கண் அசந்தவர்களின் வீடுகளுக்குப் போய் நின்றிருக்கிறேன். அந்தக் கேமரா செய்யும் வேலை சின்னது. இமை எவ்வளவு நேரம் மூடியிருக்கிறது, தலை எந்தப் பக்கம் சாய்கிறது, கை போனைப் பிடித்திருக்கிறதா என்று விநாடிக்குப் பல தடவை பார்க்கிறது. இருட்டிலும் தெரிவதற்காகக் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியைப் பயன்படுத்துகிறது. அது கத்தி ஒரு உயிர் பிழைத்தால்கூட எனக்குப் போதும்.

ஆனால் கண் ஏன் சொருகியது என்று அதற்குத் தெரியாது. அதைத்தான் நாம் கேட்க வேண்டும்.

2016-ல் எங்கள் ஆபீஸ் மூலம் பேப்பர் ரீல் ஏற்றிக்கொண்டு போன ஒரு டிரைவர், பகல் 11 மணிக்கு ஒரு தொழிற்சாலை கேட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். டோக்கன் கொடுத்தார்கள். சாயங்காலம் போன் செய்தார்: "அக்கா, இன்னும் கூப்பிடலீங்க." ராத்திரி பத்து மணிக்கும் அதே பதில்தான். கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் டோக்கன் கடைசிக்குப் போய்விடும். அதனால் அவர் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். கிளீனர் கிடையாது. குளிக்க இடம் இல்லை. மறுநாள் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் லோடு இறக்கினார்கள். 31 மணி நேரம். ரிட்டன் லோடு அடுத்த நாள் காலையில் ஏற்ற வேண்டும் என்று ஏழு மணிக்கே வண்டியை எடுத்துவிட்டார். எடுக்கச் சொன்னதும் நான்தான். கிருஷ்ணகிரி தாண்டி மீடியனில் ஏறியது வண்டி. உயிர் தப்பியது, வலது கால் மடங்காது. இப்போது ஊரில் டீக்கடை வைத்திருக்கிறார்.

அன்றைக்கு அந்த வண்டியில் கேமரா இருந்திருந்தால் "டிரைவர் கண் மூடினார்" என்று பதிவாகியிருக்கும். கேட்டில் நின்ற 31 மணி நேரமோ, ஜிபிஎஸ்ஸில் எஞ்சின் ஆஃப், வண்டி நிற்கிறது என்று பதிவாகியிருக்கும். அதைப் பார்க்கிற சாஃப்ட்வேர் டிரைவர் நன்றாக ஓய்வெடுத்திருக்கிறார் என்று கணக்குப் போட்டு, அடுத்த டிரிப்புக்கு அவர் பெயரையே முதலில் காட்டியிருக்கும். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு மனசு ஆறவில்லை.

மோட்டார் தொழிலாளிக்கு நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று 1961-லேயே சட்டம் போட்டார்கள். அந்த 8 மணி நேரத்தில் கேட்டில் நின்றது சேருமா என்ற சண்டை எங்கள் தொழிலில் தீரவே இல்லை. இப்போது தீர்க்க வழி இருக்கிறது. எந்த ஃபேக்டரி, எந்த குடோன் என்று மேப்பில் ஒரு வட்டம் போட்டுவைத்தால், வண்டி அந்த வட்டத்துக்குள் நுழைந்த நேரமும் வெளியே வந்த நேரமும் தானாகவே பதிவாகும். கம்பெனியில் அந்த வசதி பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். அதை ஓய்வு என்று போடாமல் காத்திருப்பு என்று தனியாகப் போடச் சொல்லுங்கள். அதுவரை எல்.ஆர். (லாரி ரசீது) காப்பியின் பின்பக்கம் உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம் எழுதி செக்யூரிட்டி சீல் வாங்கச் சொல்லுங்கள். சீல் போட மறுத்தால் கேட் போர்டு தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து உடனே ஆபீஸ் வாட்ஸ்அப்புக்கு அனுப்பட்டும். கடைசி டோல்கேட்டில் ஃபாஸ்டேக் பிடித்த நேரமும் சாட்சிதான். படியைப் பிடித்த அந்த இரண்டு நாளுக்கும் முந்தைய இரண்டு நாள் விவரத்தை எடுத்துக்கொண்டு அவர் மேனேஜரிடம் போகட்டும். சண்டை வேண்டாம், பேப்பரை மட்டும் வைத்தால் போதும்.

*

கேள்வி: சொந்தமாக ஒரே ஒரு பன்னிரண்டு சக்கர வண்டி. ஆப்பில் லோடு கேட்டால் காலையில் ஒரு ரேட், மதியம் ஒரு ரேட் காட்டுகிறது. புரோக்கரை விட்டுவிட்டு ஆப்புக்கே போய்விடலாமா?
— வாசகர், நாமக்கல்

பதில்: நான் புரோக்கர் நாற்காலியில் உட்கார்ந்தவள். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

ஆப் காட்டுகிற ரேட் மந்திரம் இல்லை. இந்த ரூட்டில் போன வாரம் என்ன வாடகை போனது, இன்றைக்கு அந்த ஊரில் எத்தனை வண்டி காலியாக நிற்கிறது, எத்தனை லோடு வந்திருக்கிறது என்று பார்த்து அது கணிக்கிறது. ஆகஸ்ட், செப்டம்பரில் இமாச்சல் ஆப்பிள் இறங்கும்போது அந்தப் பக்கம் வண்டிக்குத் தட்டுப்பாடு வரும், வாடகை ஏறும். இது பழைய டிரைவர்கள் எல்லாருக்கும் தெரியும். அதையே மெஷின் லட்சக்கணக்கான டிரிப்பைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறது. ரிட்டன் லோடுக்கு ஆப்பை நன்றாகப் பயன்படுத்துங்கள். டெல்லியில் இறக்கிவிட்டு மூன்று நாள் படுத்துக் கிடந்த காலம் போகட்டும். காலியாகத் திரும்புகிற ஒவ்வொரு கிலோமீட்டரும் உங்கள் டீசல்.

ஆனால் பாக்கி வாடகை? 80 சதவீதம் அட்வான்ஸ், மீதி பிஓடி (சரக்கு போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சி) வந்த பிறகு என்பார்கள். அந்த மீதியை எந்தப் பார்ட்டி ஒரு வாரத்தில் தருவான், எவன் மூன்று மாசம் இழுப்பான் என்று உங்கள் புரோக்கருக்குத் தெரியும். ஆப்பில் லோடு எடுப்பதற்கு முன் மூன்று விஷயத்தை எழுத்தில் கேளுங்கள்: பாக்கிக்கு யார் பொறுப்பு, எத்தனை மணி நேரத்துக்கு மேல் நின்றால் ஹால்டிங் (காத்திருப்புக் கட்டணம்), ஒரு நாள் ஹால்டிங் எவ்வளவு. பதில் வராத லோடு நல்ல ரேட்டாக இருந்தாலும் விடுங்கள்.

இன்னொரு விஷயம். ஒரு ஃபேக்டரியில் வண்டிகள் சராசரியாக எவ்வளவு நேரம் நிற்கின்றன என்பது ஆப் கம்பெனிக்குத் தெரியாமல் இருக்காது, எல்லா வண்டியின் ஜிபிஎஸ்ஸும் அவர்களிடம்தானே இருக்கிறது? வாடகைக்குப் பக்கத்திலேயே அதையும் காட்டலாம். நீங்கள் நூறு பேர் சேர்ந்து கேட்டால் காட்டுவார்கள் என்று நான் நம்புகிறேன்.

*

கேள்வி: மளிகை ஏஜென்சி நடத்துகிறேன். எவ்வளவு சரக்கு எடுக்க வேண்டும் என்று கம்பெனி சாஃப்ட்வேரே இப்போது சொல்லிவிடுகிறது. சில மாசம் அச்சாக இருக்கிறது, சில மாசம் குடோனில் தேங்குகிறது. நம்பலாமா?
— வாசகர், திருநெல்வேலி

பதில்: நம்பலாம், உங்கள் ஊர் காலண்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

தீபாவளி 2023-ல் நவம்பர் 12, 2024-ல் அக்டோபர் 31, 2025-ல் அக்டோபர் 20. "போன வருஷம் இதே வாரம் எவ்வளவு விற்றது" என்று மட்டும் பார்க்கிற சாஃப்ட்வேர் இப்படிப் பத்துப் பன்னிரண்டு நாள் தப்பும், சில வருஷம் அதற்கு மேலும் தப்பும். எண்ணெயும் மைதாவும் பண்டிகை முடிந்த பிறகு வந்து இறங்கும். பொங்கலில் இந்தத் தொல்லை இல்லை, தேதி ஏறக்குறைய அதேதான். நல்ல சாஃப்ட்வேர் பண்டிகை நாளைத் தனியாக எடுத்துக்கொள்ளும். உங்களுடையது எடுத்துக்கொள்கிறதா என்று கம்பெனி ஆளிடம் கேளுங்கள். ஆடி மாசம், முகூர்த்த நாள், உங்கள் பக்கத்துக் கோயில் கொடை இவையெல்லாம் அதற்குத் தெரியுமா என்றும் கேளுங்கள்.

2023 டிசம்பர் 17, 18-ஐ நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. உங்கள் ஊரில் தாமிரபரணி வீட்டுக்குள் வந்தது. அந்த வாரம் மெழுகுவர்த்தி, ரொட்டி, தண்ணீர் பாட்டில் எவ்வளவு போயிருக்கும்! கடை மூடிக் கிடந்த இடங்களில் மற்றதெல்லாம் பூஜ்யம். அதைத் தனி நிகழ்ச்சி என்று யாரும் குறித்து வைக்காவிட்டால், மெஷின் அதை சாதாரண டிசம்பர் என்று எடுத்துக்கொள்ளும். பில் புத்தகத்தில் அந்தத் தேதிகளைச் சிவப்பு மையில் வட்டம் போட்டு, "வெள்ளம்" என்று எழுதி கம்பெனிக்கு அனுப்புங்கள். உங்களைத் தவிர யாரும் அதைச் செய்ய மாட்டார்கள்.

*

கேள்வி: ஒரகடம் பக்கம் ஒரு பெரிய குடோனில் பிக்கிங் வேலை, ஆர்டருக்கு ஏற்ற பொருளை ரேக்கிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். கையில் இருக்கும் ஸ்கேனர் அடுத்து எந்த ரேக்குக்குப் போக வேண்டும் என்று சொல்கிறது. மணிக்கு எத்தனை எடுத்தோம் என்று டிவியில் போடுகிறார்கள். ரோபோ வந்துவிட்டால் எங்களை அனுப்பிவிடுவார்களா?
— வாசகி, ஸ்ரீபெரும்புதூர்

பதில்: அமேசான் 2012-ல் கிவா என்ற ரோபோ கம்பெனியை 77 கோடி 50 லட்சம் டாலருக்கு வாங்கியது. ரேக்கையே தூக்கிக்கொண்டு ஆள் நிற்கும் இடத்துக்கு வருகிற ரோபோ அது. 2025-ல் தன் பத்து லட்சமாவது ரோபோவை இறக்கிவிட்டதாக அந்தக் கம்பெனி அறிவித்தது. நடக்கிற வேலை குறையும், அது நிச்சயம். கலந்து கிடக்கிற பெட்டியிலிருந்து மென்மையான பையையும் கண்ணாடி பாட்டிலையும் பிரித்து எடுக்கிற கை இன்னும் மனிதக் கைதான். ஆளே தேவைப்படாது என்று சொல்கிறவர்களை நான் நம்பவில்லை. இப்போது இருக்கிற அத்தனை பேரும் அங்கேயே இருப்பீர்கள் என்று உனக்குப் பொய் ஆறுதல் சொல்லவும் மனசு வரவில்லை.

இன்றைக்கு நீ செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஸ்கேனர் சொன்ன ரேக்குக்குப் போகிறாய், அங்கே பொருள் இல்லை. தேடுகிறாய், சூப்பர்வைசரைக் கூப்பிடுகிறாய், ஆறு நிமிஷம் போய்விடுகிறது. அந்த ஆறு நிமிஷம் உன் பெயரில்தான் ஏறும். ஸ்கேனரில் "பொருள் இல்லை" என்று போட ஒரு பட்டன் இருக்கும். அவசரத்தில் பாதிப் பேர் அதை அழுத்துவதில்லை. ஒவ்வொரு தடவையும் அழுத்து. தண்ணீர் குடிக்கவும் பாத்ரூம் போகவும் எடுக்கிற நேரத்தை அந்த டிவிக் கணக்கில் சேர்க்கிறார்களா என்று தோழிகள் நான்கைந்து பேராகச் சேர்ந்து ஹெச்.ஆர்.-இடம் கேளுங்கள்.

*

கேள்வி: பி.காம். கடைசி வருஷம். லாஜிஸ்டிக்ஸில் சேர ஆசை. ஏ.ஐ. வந்த பிறகு இந்தத் துறையில் வேலை இருக்குமா? என்ன படிக்க வேண்டும்?
— மாணவர், தூத்துக்குடி

பதில்: உன் ஊருக்குப் பக்கத்திலேயே பாடம் இருக்கிறது தம்பி. கேரளத்தில் திருவனந்தபுரம் பக்கத்து விழிஞ்ஞம் துறைமுகம் 2025 மே 2-ஆம் தேதி முறைப்படி திறக்கப்பட்டது. அங்கே கன்டெய்னர் அடுக்கும் யார்டு கிரேனில் ஏறி உட்கார வேண்டியதில்லை, கட்டுப்பாட்டு அறையில் திரையைப் பார்த்து இயக்குகிறார்கள். இயக்குகிறவர்களில் சுற்று வட்டாரத்துப் பெண்களும் உண்டு. கப்பல் போக்குவரத்தைக் கண்காணிக்கிற ஏற்பாட்டில் சென்னை ஐஐடியின் பங்கு இருக்கிறது. அதனால் வேலை இருக்குமா என்று பயப்படாதே.

எக்செல்லை ஆழமாகக் கற்றுக்கொள். ஈ-வே பில் (சரக்கோடு போக வேண்டிய ஜிஎஸ்டி சீட்டு), ஷிப்பிங் பில் (ஏற்றுமதிக்குச் சுங்கத்தில் கொடுப்பது), எல்.ஆர். இந்த மூன்றையும் வெறும் ஃபார்மாகப் பார்க்காமல் ஒவ்வொரு கட்டமும் எதற்கு என்று தெரிந்துகொள். ஈ-வே பில் 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்று செல்லுபடியாகும். வண்டி வழியில் ரிப்பேர் ஆனால் என்ன செய்வது என்று உன்னால் சொல்ல முடிய வேண்டும். சர்டிபிகேட் படிப்பை அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் புராஜெக்டை நானே தருகிறேன். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு துறைமுக ரோட்டில் டிரெய்லர்கள் வரிசையாக நிற்கிற இடத்துக்குப் போ. "எத்தனை மணிக்கு வந்தீங்கண்ணே? சாப்பிட்டீங்களா?" என்று கேள். வண்டி நம்பர் வேண்டாம், வந்த நேரம், உள்ளே போன நேரம், என்ன லோடு, கடைசியாக எப்போது தூங்கினார், இவ்வளவு போதும். ஒரு வாரத்தில் ஐம்பது பேரிடம் கேட்டுவிடலாம். அதை எக்செல்லில் ஏற்றி எனக்கு அனுப்பு, இந்தப் பகுதியிலேயே போடுகிறேன். காலையில் ஏழு மணிக்குள் போய்விடு. பதினொரு மணிக்கு மேல் கேபின் காய ஆரம்பித்துவிடும், அவர்களுக்குப் பேசத் தெம்பு இருக்காது.