நாற்பது வயதுக்கு மேல் ஆஸ்திரேலியச் சிறுவர் கதைகளை ஒலிப்புத்தகமாகக் கேட்கிறேன். இது சிரிக்கக்கூடிய விஷயமா?

இப்படிக் கேட்டிருக்கிற உங்களைப் பார்த்துச் சிரித்தவர் உங்கள் வீட்டிலேயே இருக்கிறார் என்று தோன்றுகிறது. என் கதையும் அதுதான்.

மெல்பர்னில் இருக்கிறேன். மகளுக்காக நூலகச் செயலியில் இரவல் எடுத்த 'ஸ்டார்ம் பாய்' என் போனில் கிடந்தது. டாண்டினாங்கில் வேலை முடிந்து வண்டியை எடுத்தேன், புளூடூத்தில் தானாகவே ஓட ஆரம்பித்துவிட்டது. ஓட்டும்போது போனைக் கையில் எடுத்தால் அபராதம். சரி, ஓடட்டும் என்று விட்டேன். காலின் தீலி 1960-களில் எழுதிய சின்னக் கதை. முர்ரே ஆறு கடலில் சேரும் இடத்தை ஒட்டிய கூராங் உப்பங்கழி. மணல்மேட்டுக் குடிசையில் அப்பாவோடு இருக்கும் பையன், அநாதையாகிப்போன மூன்று கூழைக்கடாக் குஞ்சுகளை எடுத்து வளர்க்கிறான்.

எனக்குக் கூந்தன்குளம் பக்கம். அங்கே கூழைக்கடா வீட்டு மரத்திலேயே கூடு கட்டும், யாரும் விரட்ட மாட்டார்கள். விழுந்த குஞ்சுக்கு ஆச்சி மீன் ஊட்டியதைப் பார்த்து வளர்ந்தவன் நான். கதையில் பெர்சிவல் என்ற பறவைக்கு என்ன ஆகிறது என்று சொல்ல மாட்டேன். வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். நெஞ்சுவலியோ என்று மனைவி கண்ணாடியைத் தட்டினாள். "இங்கிலீஷ் உச்சரிப்புப் பழகுறேன்" என்றேன். நம்பவில்லை.

'காதால் கேட்பது வாசிப்பா?' என்று இங்கே ஒருவர் வந்து நிற்பார். இல்லை என்றால் இல்லாமல் போகட்டும். நார்மன் லிண்ட்சேயின் 'மேஜிக் புட்டிங்' (1918) புத்தகத்தைப் பாட்டு வரும் இடமெல்லாம் தாண்டித் தாண்டிப் படித்துப் பாதியில் மூடியவன்தான் நான். காதில் கேட்டபோதுதான் பாட்டில்தான் உயிரே என்று தெரிந்தது. ஆல்பர்ட் என்ற அந்தப் புட்டிங் தின்னத் தின்னக் குறையாது. இரண்டு விசிலடித்துக் கிண்ணத்தைத் திருப்பினால் வேறு பண்டமாகிவிடும். தின்பவனையே ஏசுகிற அமுதசுரபி! நீங்கள் இதில் தொடங்குங்கள். கூழைக்கடாக் கதையை வீட்டில் தனியாக இருக்கும்போது கேளுங்கள்.

என் மச்சான் சொல்கிறான்: "சின்னப்புள்ளக் கதைக்கெல்லாம் எனக்கு நேரம் இல்ல அத்தான்." வள்ளியூர் மனை விலையைப் பற்றி வாரம் மூன்று வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிறவன் அவன்தான், ஒவ்வொன்றும் ஏழு நிமிஷம். அந்த மனைக்கு நான் கொடுத்த அட்வான்ஸ் இன்னும் திரும்பி வரவில்லை. அதைத் திருப்பிக் கேட்டு நான் அனுப்பிய எட்டு விநாடி மெசேஜை அவன் இன்னும் திறக்கவே இல்லை.