மேக் முடிந்தது, மாட்யூல் எங்கே?

வணக்கம் சார்,

எங்கள் ஆய்வகத்தில் கணக்கீட்டு நிரல்கள் எல்லாம் ஃபோர்ட்ரானில்தான். வரைபடங்களுக்கு பிஎல்பிளாட் என்ற லைப்ரரி. அதே வரைபடங்களை பைதானிலிருந்து வரையலாமே என்று 5.15.0 பதிப்பின் மூலநிரலை இறக்கி கம்பைல் செய்தேன். பில்டுக்குத் தயார் செய்யும் சிமேக் ஓடியது, கம்பைல் செய்யும் மேக் நூறு சதவீதம் காட்டியது, இன்ஸ்டாலும் ஆனது. ஒரு எரர்கூட இல்லை. ஆனால் பைதானில் இம்போர்ட் செய்தால் அப்படி ஒரு மாட்யூலே இல்லை என்கிறது. ஏதோ விட்டுப்போயிருக்கும் என்று தேவையான பேக்கேஜ்களை எல்லாம் போட்டுவிட்டு மூன்று முறை திரும்ப கம்பைல் செய்தும் அதே கதை. என்ன தவறு செய்கிறேன்? பேசாமல் பைதானுக்கென்றே இருக்கும் வரைபட லைப்ரரியான மேட்பிளாட்லிப்புக்கே போய்விடட்டுமா?

க.

அன்புள்ள க.,

எரர் வரவில்லை என்பதுதான் உங்கள் பிரச்சினையே. வந்திருந்தால் முதல் நாளே முடிந்திருக்கும்.

பிஎல்பிளாட்டின் உடம்பு சி மொழியில் எழுதப்பட்டது. அதன் மேல் ஃபோர்ட்ரான், பைதான், டிசிஎல், ஆக்டேவ், லுவா, ஜாவா, அடா, ஓகேமல் என்று ஒரு பட்டாளத்துக்கே பைண்டிங், அதாவது அந்த மொழியிலிருந்து கூப்பிட ஒரு இணைப்பு, வைத்திருக்கிறார்கள். இத்தனையும் ஒரே கணினியில் வைத்திருப்பவர் யாரும் இருக்க முடியாது. அதனால் சிமேக் கட்டத்தில் ஒவ்வொரு மொழியாகத் தேடிப்பார்த்து, தேவையான சரக்கு இல்லையென்றால் ஒரு வார்னிங்கைப் போட்டு, அந்த பைண்டிங்கை அணைத்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். லுவா இல்லை என்பதற்காக மொத்த பில்டும் நின்றால் நமக்கே எரிச்சல் வரும், ஆகவே அதைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. ஆனால் அதே மரியாதையை நீங்கள் கேட்ட பைதானுக்கும் செய்துவிடுகிறது. டெர்மினலில் மழை மாதிரி ஓடும் வரிகளுக்கு நடுவில் அந்த வார்னிங்கை யார் பார்த்தார்கள்?

சிமேக் முடியும் இடத்தில் ஒரு சுருக்கப் பட்டியல் வரும். எந்தெந்த டிரைவர்கள் (படத்தைத் திரையிலோ ஃபைலிலோ தரும் பகுதிகள்) கிடைத்தன, எந்த மொழி ஆன், எந்த மொழி ஆஃப் என்று ஒவ்வொரு வரியாக இருக்கும். அதில் ‘எனேபிள் பைதான்’ என்ற வரியைப் பாருங்கள். ஆஃப் என்றுதான் இருக்கும், பந்தயம் கட்டலாம். மேக் கட்டளையைத் தொடுவதற்கு முன் அந்தப் பட்டியலைப் படிக்க வேண்டும், பெரும்பாலானவர்கள் (நானும் பல வருடம்) நேராக மேக் அடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறோம்.

ஏன் ஆஃப் ஆகியிருக்கும்? பைதான் பைண்டிங்குக்கு மூன்று விஷயம் வேண்டும்: பைதானின் ஹெட்டர் ஃபைல்கள் (சி நிரல் பைதானோடு சேரத் தேவையானவை), எண் கணக்குக்கான பைதான் லைப்ரரி நம்பை, ஸ்விக். உபுண்டு, டெபியன் வகையறாக்களில் பைதான் ஏற்கெனவே இருந்தாலும் ஹெட்டர்கள் ‘டெவ்’ என்று முடியும் தனிப் பேக்கேஜில்தான் வரும், அது பலரிடம் இருக்காது. ஸ்விக் என்பது 1995ல் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் டேவிட் பீஸ்லி ஆரம்பித்த கருவி. சி லைப்ரரியின் ஃபங்ஷன்கள் இன்னின்னவை என்று ஒரு ஃபைலில் எழுதிக் கொடுத்தால், பைதானுக்கும் அதற்கும் நடுவில் நிற்கும் பசை நிரலை அதுவே எழுதித் தரும். ஸ்விக் இல்லையென்றால் பசை இல்லை, பசை இல்லையென்றால் மாட்யூல் இல்லை.

சரி, பேக்கேஜ்களைப் போட்ட பிறகும் ஏன் வரவில்லை? இங்கேதான் சூட்சுமம். பைதானை அணைக்கும்போது அந்த ‘ஆஃப்’பை சிமேக்கின் கேஷ் ஃபைலிலேயே எழுதிவைத்துவிடுகிறது. அதே பில்ட் ஃபோல்டரில் மறுபடி ஓட்டினால், தேடிப்பார்க்கக்கூட மாட்டாது, போன தடவை ஆஃப் என்று எழுதியிருக்கிறதே என்று போய்க்கொண்டே இருக்கும். நீங்கள் மூன்று முறை செய்ததும் அதே ஃபோல்டரில்தான் என்று நினைக்கிறேன். பில்ட் ஃபோல்டரை முழுசாக அழித்துவிட்டு, காலி ஃபோல்டரில் ஆரம்பியுங்கள்.

ஆரம்பிக்கும்போது எல்லாவற்றையும் கேட்காதீர்கள். ‘டிஃபால்ட் நோ பைண்டிங்ஸ்’ என்ற ஆப்ஷனை ஆன் செய்து, பைதானையும் ஃபோர்ட்ரானையும் மட்டும் தனியாக ஆன் செய்யுங்கள். டிரைவர்களிலும் அப்படியே: க்யூடி, கெய்ரோ எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் படத்தை ஃபைலாக எழுதும் எஸ்விஜி போதும், அதற்கு வெளியிலிருந்து எந்த லைப்ரரியும் தேவையில்லை. இன்ஸ்டால் செய்யும் இடத்தை உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் வைத்தால் ஏதாவது சொதப்பினாலும் அந்த ஒரு ஃபோல்டரை அழித்தால் போதும், சிஸ்டம் தப்பிக்கும். என்ன, மாட்யூல் இருக்கும் இடத்தை ‘பைதான் பாத்’திலும், தேவைப்பட்டால் லைப்ரரி இருக்கும் இடத்தை ‘எல்டி லைப்ரரி பாத்’திலும் நீங்களே சொல்ல வேண்டிவரும்.

இன்னொரு கண்ணி இருக்கிறது. 5.15.0 வந்தது 2019ல். மாட்யூலை எங்கே வைப்பது என்பதை அதன் சிமேக் ஸ்கிரிப்ட் பைதானின் ‘டிஸ்ட்யூட்டில்ஸ்’ என்ற இன்ஸ்டால் உதவி மாட்யூலிடம் கேட்கிறது. 2023ல் வந்த பைதான் 3.12ல் டிஸ்ட்யூட்டில்ஸையே தூக்கிவிட்டார்கள். உங்களிடம் இருப்பது 3.12 அல்லது அதற்கு மேல் என்றால், செட்டப்டூல்ஸ் என்ற பேக்கேஜைப் போட்டுப் பாருங்கள். டிஸ்ட்யூட்டில்ஸ் பெயரிலேயே ஒரு மாற்று ஏற்பாட்டை அது வைத்திருக்கிறது.

அப்புறம், எந்த பைதான் என்பது. ஒருமுறை நான் வேலை பார்த்த இடத்து சர்வரில் மூன்று பைதான்கள் இருந்தன, சிஸ்டத்துடையது ஒன்று, யாரோ எப்போதோ போட்டது ஒன்று, என்னுடைய கோண்டா ஒன்று. சுருக்கப் பட்டியலில் பைதான் ஆன், மேக்கும் சுத்தம், இம்போர்ட் மட்டும் ஆகவில்லை. இரவு பதினொன்றரைக்குத்தான் சிமேக் காட்டிய வரிகளில் பைதானின் முழுப் பாதையைப் படித்தேன். அந்த யாரோவின் பைதானுக்கு அழகாக ஒரு மாட்யூல் செய்து வைத்திருந்தேன், அவருக்குப் பயன்பட்டிருக்கும். பெரிய வேலை ஒன்றுமில்லை, எந்த பைதான் என்று சிமேக்குக்கு முழுப் பாதையாகச் சொல்லிவிட வேண்டியதுதான்.

மேட்பிளாட்லிப் கேள்விக்கு வருகிறேன். புதிதாக ஆரம்பிக்கும் ஒருவர் கேட்டிருந்தால் போய்விடுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன், அதுவும் மூலத்திலிருந்து எல்லாம் வேண்டாம், பைதானின் பேக்கேஜ் கருவியான பிப்பில் போட்டாலே ஓடும். உங்கள் விஷயம் வேறு. ஃபோர்ட்ரானிலிருந்து கூப்பிட்டாலும் பைதானிலிருந்து கூப்பிட்டாலும் வரைவது அதே சி லைப்ரரிதான் என்பதால், பழைய படமும் புதுப் படமும் அச்சு, எழுத்து, கோடு உட்பட ஒரே மாதிரி இருக்கும். ஆய்வேட்டில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைக்கப்போகிறீர்கள் என்றால் அது சின்ன லாபம் இல்லை. ஆனால் கம்பைல் செய்தே ஆக வேண்டுமா என்பதை யோசியுங்கள். டெபியனில் பைதானுக்கான பிஎல்பிளாட் ரெடிமேட் பேக்கேஜாகவே இருக்கிறது. 5.15.0தான் வேண்டும், ஆய்வகத்தில் அதில்தான் மாற்றம் செய்து வைத்திருக்கிறோம் என்றால் ஒழிய, அந்த வழியை முதலில் பாருங்கள்.

கம்பைல்தான் என்றால், இம்போர்ட் ஆனதும் உங்கள் நிரலை ஓட்டாதீர்கள். கூடவே வரும் உதாரணங்களில் பூஜ்ஜியமாவது எண் உள்ளதை ஓட்டுங்கள். எந்த டிவைஸ் என்று ஒரு எண் பட்டியல் காட்டிக் கேட்கும். அந்தப் பட்டியலே காலியாக வந்தால் டிரைவர் ஃபைல்கள் இருக்கும் இடம் அதற்குத் தெரியவில்லை என்று அர்த்தம், பைதானைத் திட்டாதீர்கள். எஸ்விஜி எண்ணை அடித்து ஒரு ஃபைல் பெயர் கொடுத்தால், பூஜ்ஜியத்திலிருந்து நூறு வரை ஏறும் ஒரு பரவளையம் வர வேண்டும்.

வரவில்லையென்றால் மறுபடி எழுதுங்கள். சிமேக்கின் அந்தச் சுருக்கப் பட்டியலை அப்படியே காப்பி செய்து அனுப்பினால் போதும். மானிட்டரை ஃபோனில் படம் பிடித்து மட்டும் அனுப்பாதீர்கள்.